கரையான் அரிக்காத சுவடி

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். கொஞ்சம் அபசகுனமான கேள்விதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரை மணிக்கு உங்கள் ஊருக்குள் கடல் வந்துவிட்டுப் போகிறது. ஒன்பது மணிக்கு நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். வீடு இல்லை. கூட இருந்தவர்களில் பாதிப் பேரைக் காணோம். இப்போது உங்களுக்கு முதலில் வேண்டியது என்ன?

சோறு என்பீர்கள். தண்ணீர், துணி, மருந்து என்பீர்கள். தப்பில்லை. ஆனால் அப்படித் தப்பித்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு லிஸ்ட் என்பார்கள். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிவைத்த ஒரு காகிதம். நாம் தேடுகிற பெயர் அதில் இருக்கிறதா, இல்லையா? சோறெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்குச் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி நடுங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து, கடலூர் தேவனாம்பட்டினம் தொடங்கி, சிதம்பரம் பக்கத்துக் கிள்ளை வரைக்கும் கடலோரக் குப்பங்களில் தண்ணீர் ஏறியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல்.

மூன்றாம் நாள் நான் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். அங்கே என் சித்தப்பா வீடு. அந்த வட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபம் முகாமாகியிருந்தது. வாசலில் காலேஜ் பையன் ஒருவன் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகாமில் இருப்பவர்களின் பெயர், ஊர், அப்பா பெயர், வயசு. நல்ல கையெழுத்து. மார்ஜின்கூடப் போட்டிருந்தான்.

கரையோரக் குப்பத்து அம்மா ஒருவர் அவன் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ பாரு தம்பி. பத்து வயசு. எம் பையன் பேரு இருக்கும்."

"மூணு தடவ பாத்துட்டேம்மா."

"நீ பக்கத்தப் பொரட்டச் சொல்ல ரெண்டு பக்கம் சேந்து வந்துடுச்சு தம்பி. நான் பாத்தேன்."

அவன் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாக. பெயர் இல்லை.

பெயர் இருந்தது. நாலு தெரு தள்ளி, ஒரு பள்ளிக்கூடத்தில் இன்னொரு முகாம். அங்கே இன்னொரு நோட்டு. அதில் அந்தப் பையன் பெயர் முதல் நாளே ஏறியிருந்தது. இரண்டு நோட்டும் சரிதான். இரண்டு பேரும் பொறுப்பான பிள்ளைகள்தான். நோட்டுக்கும் நோட்டுக்கும் அறிமுகம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த அம்மா என்ன ஆனார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் நீங்கள் கொழும்புக்கு வரவேண்டும்.

அன்றைக்கு இலங்கையில் பௌர்ணமி விடுமுறை. போயா தினம். முந்தின நாள் கிறிஸ்துமஸ். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பலரும் லீவில் இருந்தார்கள். கிழக்கும் தெற்கும் வடக்குமாக அந்தச் சின்னத் தீவின் கரையில் பெரும்பகுதியைக் கடல் வழித்துவிட்டுப் போனது. இறந்தவர்கள் 30,000-க்கும் மேல். வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில். கடலூரில் இரண்டு நோட்டு என்றால், அங்கே நூற்றுக்கணக்கான முகாம்களில் நூற்றுக்கணக்கான நோட்டுகள்.

இதோடு இன்னொரு தலைவலி. உலகம் முழுக்க இருந்து உதவி வந்து இறங்குகிறது. எந்த அமைப்பு எந்த ஊரில் வேலை பார்க்கிறது? தெரியாது. ஒரு முகாமில் பழைய துணி மலையாகக் குவிந்திருக்கிறது. அடுத்த முகாமில் குழந்தைக்குப் பால் பவுடர் இல்லை. வரவு எங்கே, செலவு எங்கே, கையிருப்பு எவ்வளவு? பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சங்கதிதான். ஒரு மளிகைக்கடையில் ஸ்டாக் ரெஜிஸ்டர் இல்லாவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். பேரிடரில் அது இல்லாவிட்டால் உயிர் போகும்.

லீவில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர்காரர்களில் சிலர் நிவாரணப் பணிக்கு வந்தார்கள். மூட்டை தூக்கத்தான் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதற்குமுன் எந்த நாடாவது இப்படி ஒரு நிலைமைக்கு சாஃப்ட்வேர் செய்து வைத்திருக்குமே, எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று தேடினார்கள். அவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி, எடுத்த எடுப்பில் கையில் வாங்கிப் பயன்படுத்துகிற மாதிரி ஒன்று அகப்படவில்லை.

சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தார்கள். லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதற்குக் களமாக இருந்தது. அதை ஆரம்பித்தவர் சஞ்சீவ வீரவரண. எழுதும் வேலையை முன்னின்று நடத்தியவர் சமிந்திர டி சில்வா. கம்பெனி பேதம் பார்க்காமல் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2005 ஜனவரியில், அரசாங்கத்தின் தேசிய நடவடிக்கை மையத்தில் அது ஓட ஆரம்பித்தது.

பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். நம்மூர்க்காரர்களுக்கு அது ஒரு ராகம். பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது.

அதில் என்ன இருந்தது? நாலே நாலு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனவர்கள் பட்டியல். முகாம்கள் பட்டியல். உதவி அமைப்புகள் பட்டியல். எவருக்கு என்ன தேவை, எவரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல். மந்திரமில்லை, மாயமில்லை. நாற்பது பக்க நோட்டு செய்கிற அதே வேலைதான். என்ன, இந்த நோட்டை எல்லா ஊரிலிருந்தும் ஒரே சமயத்தில் புரட்டலாம்.

இதுவரைக்கும் நடந்தது நல்ல மனசு சம்பந்தப்பட்ட கதை. இனிமேல்தான் சரித்திரம்.

வெள்ளம் வடிந்தால் படகை மறந்துவிடுவோம். மனுஷ சுபாவம். சில மாதங்களில் கொழும்பில் அவசரம் குறைந்தது. அவசரத்தில் எழுதிய கோட், அள்ளித் தெளித்த கோலம் மாதிரிதான் இருந்தது. வேறு எவருக்கும் கொடுக்கிற லட்சணத்தில் இல்லை. நியாயமாக, சஹானா அங்கேயே செத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தக் குழு ஒரு முடிவெடுத்தது. இதை முதலிலிருந்து திருப்பி எழுதுவோம். எந்த நாட்டில் எந்த ஆபத்து வந்தாலும் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி எழுதுவோம். எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே திறந்து விடுவோம். சுவீடன் நாட்டு அரசின் உதவி நிறுவனம் பணம் கொடுத்தது.

திறந்து விடுவது என்றால் என்ன? இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இரண்டு கதை சொல்கிறேன். இரண்டும் எங்கள் மாவட்டத்துக் கதை.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு எவ்வளவு நிலம்? அங்கேதான் வேடிக்கை. பீரங்கி வெடித்தால் குண்டு எதுவரைக்கும் போய் விழுகிறதோ, அதுவரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். விடுவார்களா வெள்ளைக்காரர்கள்? தூரம் போகிற பீரங்கியாகப் பார்த்துத்தான் வெடித்தார்கள். கிராமம் கிராமமாக உள்ளே வந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் குண்டு சாலை உண்டு. குண்டு உப்பலவாடி உண்டு.

சாஃப்ட்வேர் உலகத்திலும் ரொம்ப காலமாக இந்தக் குண்டு போடுகிற பழக்கம்தான். நான் எழுதினேன், எல்லை போட்டேன். நீ காசு கொடுத்துப் பயன்படுத்தலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூடாது. ரிப்பேர் செய்யக்கூடாது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது.

இரண்டாவது கதை, சிதம்பரத்துக் கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான். தேவாரப் பாடல்களைத் தேடி ராஜராஜ சோழன் அலைகிறான். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, தில்லைக் கோயிலுக்குள் ஓர் அறையில் சுவடிகள் இருப்பது தெரிகிறது. அறை பூட்டியிருக்கிறது. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறக்கும் என்று பதில் வருகிறது. மூவரின் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்கிறான் ராஜா. கதவு திறக்கிறது. உள்ளே கரையான் புற்று. அரித்தது போக மிச்சம்தான் நமக்குக் கிடைத்தது என்கிறது புராணம்.

பூட்டியவர்கள் பாதுகாக்கத்தான் பூட்டினார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பூட்டு திருடனைத் தடுக்கும். கரையானைத் தடுக்காது. நூறு ஊரில் நூறு பிரதி இருந்திருந்தால், கரையானால் என்ன செய்திருக்க முடியும்?

ஓப்பன் சோர்ஸ் என்பது இவ்வளவுதான். சுவடியை அறைக்கு வெளியே கொண்டுவருவது. எவரும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

இதற்கு அடித்தளம் போட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற அமெரிக்கர். எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை பார்த்தபோது ஒரு பிரிண்டர் அடிக்கடி மக்கர் பண்ணியது. உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரைக் கொடுங்கள், நானே சரிசெய்துகொள்கிறேன் என்றார். கிடைக்கவில்லை. அந்தக் கோபத்துக்கும் ஒரு பங்கு உண்டு, 1983-ல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததில். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற மாணவர் லினக்ஸைக் கொண்டுவந்தார். ஓப்பன் சோர்ஸ் என்கிற பெயர் வந்தது 1998-ல்.

சஹானா அந்தப் பாதையில் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் பரீட்சையும் வந்தது.

2005 அக்டோபர் 8. பாகிஸ்தானில் பூகம்பம். 70,000 பேருக்கு மேல் பலி. அந்த நாட்டில் அடையாள அட்டை வழங்கும் அரசு நிறுவனம் சஹானாவை எடுத்து ஓட்டியது. 2006 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தெற்கு லேடே பகுதியில் மலைச்சரிவு. அங்கேயும் சஹானா. அதே வருஷம் மே மாதம் இந்தோனேஷியாவின் யோக்யகர்த்தாவில் பூகம்பம். அங்கேயும். 2008-ல் சீனாவின் சிச்சுவான். 2010-ல் ஹெய்ட்டி. எந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று திரட்டும் வேலையில் அது கைகொடுத்தது.

ஸ்டால்மன் ஆரம்பித்த அறக்கட்டளை, சமூகத்துக்குப் பயன்படும் திட்டங்களுக்காகத் தரும் விருதின் 2006-ம் வருஷத்துக்கு உரியதை சஹானாவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய வருஷம் அதே விருதை வாங்கியது யார் தெரியுமா? விக்கிபீடியா. 2009-ல் சஹானாவுக்கென்றே தனியாக ஓர் அறக்கட்டளை அமெரிக்காவில் அமைந்தது.

ஆஹா, நல்ல சரக்கு; இலவசம் வேறு; உலகமே ஓடிவந்து வாங்கிக்கொண்டது என்று முடித்துவிடலாம்தான். அப்படியானால் நீங்கள் இத்தனை நாளாக அந்தப் பெயரையே கேள்விப்படாதது ஏன்?

இங்கேதான் வியாபாரம் வருகிறது. விலை இல்லாத பொருளை விற்பது மாதிரிக் கஷ்டமான வியாபாரம் கிடையாது.

முதல் சிக்கல், இலவசம் என்றாலே வருகிற இளக்காரம். ஓசியில் கொடுக்கிறான், அதில் என்ன பெரிசாக இருந்துவிடும் என்கிற நினைப்பு.

இரண்டாவது, அதிகாரிகளின் கேள்வி. நாளைக்குக் கோளாறு என்றால் நான் யார் சட்டையைப் பிடிப்பது? நியாயமான கேள்வி. கம்பெனி என்றால் கையெழுத்துப் போட ஒரு மேனேஜர் இருப்பார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற தொண்டர்களில் யார் சட்டையைப் பிடிக்க முடியும்? தனி அறக்கட்டளை என்று ஒன்று இருந்தால் இதற்குப் பாதி பதில் கிடைக்கும். கதவைத் தட்டுவதற்கு ஒரு விலாசம்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். வீடு பற்றி எரியும்போது எவரும் புதிதாகக் கிணறு வெட்டக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். மூன்று நாளாகத் தூங்காத தாசில்தார் முன்னால் போய், சார், ஒரு புது சாஃப்ட்வேர் இருக்கிறது, இரண்டு மணி நேரம் டிரெயினிங் என்று சொல்லிப் பாருங்கள். என்ன கிடைக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை. ஆகவே ஆபத்து வருமுன்பே போட்டு, பழகி, ஒத்திகை பார்த்து வைத்திருக்கவேண்டும். நியூயார்க் மாநகரத்தின் அவசரகால நிர்வாகம், புயல் வந்தால் ஜனங்களைத் தங்கவைக்கிற முகாம்களுக்காக முன்கூட்டியே சஹானாவை எடுத்துத் தயார் செய்துகொண்டது. பணக்கார ஊர். எந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரையும் வாங்கியிருக்க முடியும்.

நாலாவது, ஒரு பயம். இது எனக்கும் இருந்தது. எல்லாமே திறந்து கிடக்கிறது என்றால், அப்பா அம்மாவை இழந்த குழந்தைகளின் பெயரும் ஊரும் கண்டவன் கையில் கிடைக்காதா? சுனாமிக்குப் பிறகு, பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிய பயம் நம் கரையோரத்திலும் இருந்ததே?

பதில் எளிது. திறந்திருப்பது சாஃப்ட்வேர். பட்டியல் இல்லை. சாம்பார் பொடி அரைக்கிற பக்குவத்தை ஊருக்கே சொல்லலாம். அதற்காக உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றாகாது. பக்குவம் பொது, சமையலறை உங்களுடையது. அதற்குப் பூட்டும் உண்டு, சாவியும் உண்டு.

நம்மூரில் என்ன நடந்தது? சும்மா சொல்லக்கூடாது, சில பேர் முயற்சி செய்தார்கள். சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது, அந்த அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்கிற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். உங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டாவது வாசலைத் திறந்து பார்த்ததா? கேட்டுப் பாருங்கள். திறக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் வாசலும் ஒரு சுவர்தான்.

அந்த ஆளாக இருக்கத்தான் சில பேர் இன்னும் பாடுபடுகிறார்கள். 2012-ல் ஆரம்பித்த கணியம் மின்னிதழ், லினக்ஸையும் மற்றதையும் நல்ல தமிழில் சொல்லிக்கொடுத்தது. பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கிறது. பெரிய நகரம் அல்லாத ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். இவர்களுக்கு விளம்பர பட்ஜெட் கிடையாது. வாய்தான் விளம்பரம்.

தெரிந்தவர்கள் தயாராக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2015-ல் சென்னை மூழ்கியபோது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்கிற பொது வரைபடத்தை வைத்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்களே குறித்தார்கள். 2018-ல் கேரளா மூழ்கியபோது, அங்கிருந்த இளைஞர்கள் மாநில ஐ.டி. மிஷனோடு சேர்ந்து கேரளா ரெஸ்க்யூ என்ற தளத்தை எழுப்பினார்கள். அதுவும் திறந்த கோட். எங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திக் கொடுத்தார்கள்.

கடலூருக்கு இதெல்லாம் வேடிக்கைச் செய்தி இல்லை. 2004-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015-ல் வெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை வெள்ளம். காலண்டரில் பண்டிகை குறிக்கிற மாதிரி நாங்கள் புயலைக் குறித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்தது வருமா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது என்றுதான் கேட்கிறோம்.

சரி, அந்த அம்மா?

அன்று சாயங்காலமே பையன் கிடைத்துவிட்டான். எப்படி? ஓர் ஆட்டோக்காரர். காலையிலிருந்து முகாம் முகாமாக ரொட்டியும் தண்ணீரும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். மண்டபத்து வாசலில் அந்த அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனதும், நோட்டையெல்லாம் அவர் பார்க்கவில்லை. உள்ளே நின்று பெயரைச் சொல்லி ஒரு சத்தம். மூலையிலிருந்து ஒரு பையன் எழுந்திருந்தான்.

"ஏறுடா. உங்கம்மா அங்க நிக்கிது."

அன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் இரண்டு நோட்டுகளுக்கும் நடுவே ஓடிய சாஃப்ட்வேர் அந்த மனிதர்தான். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. மீட்டரும் போடவில்லை.

இரண்டு முகாமுக்கு ஓர் ஆட்டோ போதும். நூறு முகாமுக்கு? கொழும்புக்காரர்கள் உட்கார்ந்து எழுதியது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். எழுதி, பூட்டாமல் வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பழகவேண்டியது மட்டும்தான் பாக்கி. அதை வானம் வெளுத்திருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.